நாற்பத்தேழாம் பக்கம்

மலைக்கு அப்பால் எரிமலை இருமியதில்
பரிலோச்சே ஊர் முழுக்கச் சாம்பல்.
ஜன்னலில் படிந்ததை நான் துடைக்கவில்லை.
விரலால் ஒரு தொகையீட்டுக் குறி போட்டுப் பார்த்தேன்,
கரும்பலகையைவிட நன்றாகவே எழுதுகிறது.

நான்கு வருடமாக ஒரே ஓர் எண்ணைத் தேடுகிறேன்.
ஒரு கெழு.
சமன்பாட்டின் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் சின்ன எண்.
அது தெரிந்தால், இல்லாத ஒரு துகள்
எவ்வளவு நேரம் இருப்பதுபோல் நடிக்கும் என்று
சொல்லிவிடலாம்.
அண்ணன் லவுத்தாரோவுக்கு இப்படித்தான் விளக்கினேன்.
பனிச்சறுக்கு மலையில் கம்பிவட நாற்காலிகளைப் பழுதுபார்ப்பவன்.
கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"இதற்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?"

இரவுகள் எல்லாம் முடிவிலியில் முடிந்தன.
முடிவிலிக்கும் முடிவு கட்ட ஒரு வித்தை உண்டு:
இரண்டை எதிரெதிரே உட்காரவைத்து
ஒன்றையொன்று தின்னவிட வேண்டும்.
தட்டில் மிஞ்சுவது இயற்பியல்.

உதவித்தொகைக்கு அந்த வித்தை தெரியாது.
மார்ச்சில் வாடகையாக இருந்த பணம்
ஜூலையில் ரொட்டியும் கொஞ்சம் வெண்ணெயும்.
சனி ஞாயிறு சாக்லேட் கடையில் நிற்கிறேன்.
பிரேசில்காரர்கள் கால் கிலோ கேட்டு
அரைக் கிலோ வாங்கிப் போகிறார்கள்.
அங்கே மட்டும்தான்
நான் சொல்லும் எண்ணை
உடனே நம்புகிறார்கள்.

வழிகாட்டி இபார்குரென் வலென்சியாவுக்குப் போய் இரண்டு வருடம்.
வியாழக்கிழமைகளில் திரையில் வருவார்.
எனக்குக் காலை, அவருக்கு மதியம்,
முதுகுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு மரம்
வேண்டுமென்றே பழுத்திருக்கும்.
"குறியைச் சரிபார்த்தாயா?" என்பார்,
நான் என்னவோ சோழி உருட்டுகிறவள் மாதிரி.

எதிர்மேஜை ஃபெர்மின்
ஆகஸ்டில் வங்கி வேலைக்குப் போய்விட்டான்.
அவன் விட்டுப்போன மாத்தேக் குடுவையில்
பழைய இலை பூஞ்சை பிடித்திருக்கிறது.
கழுவ மனமில்லை.
கணினியில் அவன் ஓடவிட்ட பிரபஞ்சங்களில்
இது ஒன்றுதான் இன்னும் வளர்கிறது.

சாம்பல் விழுந்த இரண்டாம் நாள் மின்சாரம் போயிற்று.
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு
முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், வேறு வேலை இல்லாததால்.
பதினோராம் பக்கம்.
காகித மடிப்பு என்று நான்கு வருடம் நம்பிய கோடு
மடிப்பல்ல.
ஒரு கழித்தல் குறி.

அதைச் சேர்த்தேன்.
பன்னிரண்டாம் பக்கம் சாய்ந்தது,
இருபத்து மூன்று, முப்பது,
நாற்பதில் பென்சில் உடைந்தது.
நாற்பத்தேழின் அடியில்
பூஜ்யம்.
ஏறத்தாழ அல்ல. மிகச் சிறியது என்றும் அல்ல.
பூஜ்யம்.

இல்லாததற்கும் வணங்கத்தக்கதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி
எங்கோ இருக்கலாம்.
எனக்கு வாயில் வந்தது வசவு.
ஆளில்லாத வீட்டுக் கதவை
நான்கு வருடம் தட்டியிருக்கிறேன்,
அதுவும் மரியாதையாக.
கடையில் கொடுத்த உடைசல் சாக்லேட்டை
இருட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

விடியும்போதுதான் உறைத்தது.
எதுவும் தானாக இவ்வளவு துல்லியமாக
இல்லாமல் போகாது.
ஏதோ ஒன்று இரண்டு பக்கமும்
கையால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மலைக்குப் போனேன்.
லவுத்தாரோ துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு
சக்கரங்களிலிருந்து சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
"கிடைத்ததா?"
"கிடைத்தது. ஒன்றுமில்லை."
"அதற்கு நான்கு வருடமா?"
"ஏன் ஒன்றுமில்லை என்று சொல்ல
இன்னும் ஒரு வருடம்."
அவன் சிரிக்கவில்லை. வடத்தைத் தட்டிக் காதைக் கொடுத்தான்.
பிறகு, "ஏறி உட்கார்,
சோதனை ஓட்டத்துக்கு எடை வேண்டும்" என்றான்.

உட்கார்ந்தேன்.
நான் மேலே போகப் போக
காலி நாற்காலிகள் ஒவ்வொன்றாய்
என்னைக் கடந்து இறங்கின.
எண்ணிக்கொண்டே போனேன்.